பனிக்காலத்தில் வாங்கிய வெயில் களிம்பு

டுலூத், மினசோட்டா
ஜனவரி 9

அன்பு மைத்துனன் ரோலண்டுக்கு,

உன் அக்காள் புருஷன் வெண்டல் எழுதிக்கொண்டது. இங்கு நானும் லோர்னாவும் சுகம். அரிசோனா வெயிலில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய், ஊருக்கெல்லாம் யோசனை சொல்லுகிறவனுக்கு என்ன குறைச்சல். நிற்க.

என் காது உனக்குத் தெரிந்ததுதான். பள்ளிப் பேருந்து எஞ்சின்களுக்கு அடியிலேயே கிடந்து செத்த காது. ஜூனில் கிரெட்டாவுக்குக் கல்யாணம். தேவாலயத்தில் என் மகள் சொல்லப்போகும் வாக்கு என் காதில் விழ வேண்டும், எனக்கு வேறு ஆசை கிடையாது. காதுக்கருவி வாங்கத்தான் வருஷம் பூராவும் சம்பளத்தில், வரி பிடிக்குமுன்பே, மருத்துவச் சேமிப்புக் கணக்கில் போட்டு வந்தேன். வைத்தியர் பிப்ரவரிக்கு நாள் கொடுத்திருந்தார். கிறிஸ்துமஸ் அன்று நீ போன் செய்தாய். "மச்சான், வருஷம் முடியுறதுக்குள்ள செலவழிச்சுடுங்க, இல்லன்னா அம்புட்டும் போச்சு" என்று நீ சொன்னாயா இல்லையா? என் செவிட்டுக் காதிலேயே தெளிவாக விழுந்ததே அப்பா!

மறுநாளே முழங்கால் பனியில் மருந்துக்கடைக்கு ஓடினேன். எதன் அடியில் 'கணக்கில் செல்லும்' என்று சீட்டு ஒட்டியிருந்ததோ அதையெல்லாம் அள்ளினேன். கட்டுத்துணி, மூட்டுப்பட்டை, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, வண்டி நிறைய வெயில் களிம்பு என்று கணக்கு காலியாகும் வரை வாங்கினேன். பற்பசையை மட்டும் அந்தக் கணக்கின் அட்டை ஏற்கவில்லை, பல் விளக்குவது வைத்தியம் இல்லையாம். கல்லாவில் இருந்த பெண் ஃப்ளோரிடா போகிறீர்களா என்று கேட்டாள். இல்லை, வீட்டுக்குத்தான் என்றேன். அவசரத்தில் கர்ப்பம் பார்க்கும் பெட்டி ஒன்றும் சேர்ந்து வந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயது லோர்னா அதைக் கையில் எடுத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத முடியாது.

போன வாரம் வேலைக்குத் திரும்பினேன். கணக்கு பார்க்கும் வில்மா விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "வருஷத்தோட காலாவதி ஆகுறது பழைய கணக்கு. போன வருஷ ஆரம்பத்துலயே புதுசா மாத்தியாச்சே. இது நீங்க சாகுற வரைக்கும் உங்க பேர்லயே கெடக்கும், ஐயா" என்றாள். வீட்டுக்கு வந்து ஒரு கருவியைப் பிரித்து ரத்த அழுத்தம் பார்த்தேன். எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. என் பிள்ளை வாக்குச் சொல்லும்போது வாயசைவைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ரோலண்ட். எனக்கு அழுகை வருகிறது. உன் யோசனைக்கு ஒரு கும்பிடு. கல்யாணத்துக்கு நீ வரவே வேண்டாம். வந்தால் கடைசி வரிசை.

ஆண்டவர் உன்னையும் பிள்ளைகளையும் நோய்நொடியில்லாமல் வைத்திருக்கட்டும், உன் வாயை மட்டும் கொஞ்சம் கட்டிப்போடட்டும்.

இப்படிக்கு,
வெண்டல்

பின்குறிப்பு: பிப்ரவரி 20. தபால்தலை இல்லாமல் கடிதம் மேசையிலேயே கிடந்துவிட்டது. இதற்குள் லோர்னா பிரிக்காத பெட்டிகளையெல்லாம் கடையில் திருப்பிக் கொடுத்து, பணத்தைக் கணக்கிலேயே சேர்த்துவிட்டாள். "ரசீது நான் எடுத்து வெச்சிருந்தேன், நீங்க என்னைக் கேட்டாத்தானே" என்றாள். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு, முன் வரிசையில் வந்து உட்கார். காதுக்கருவி நேற்று வந்தது, மாட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். சமையலறையில் உன் அக்காள் பாத்திரம் கழுவிக்கொண்டே பாடுகிறாள். எத்தனை வருஷமாகப் பாடுகிறாளோ தெரியவில்லை, கேட்க வெட்கமாயிருக்கிறது.