பொருளாளரைக் கட்டிக்கொள்ளப் போகும் தணிக்கையாளர்

நார்த் ஹார்லோ, வெர்மான்ட்
மார்ச் முதல் ஞாயிறு

பிரியமுள்ள அக்கா வெர்னாவுக்கு, தம்பி எல்வின் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் பூனையும் விறகடுப்பும் சுகம். முழங்கால் மட்டும் சுகமில்லை. நீ அதை விசாரிக்கப் போவதில்லை என்பதால் விட்டுவிடுகிறேன். ஃப்ளோரிடா வெயிலில் உன்னையும் அத்தானையும் ஆண்டவன் கருகாமல் காப்பாற்றட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கல்யாணம். உட்கார்ந்துகொண்டு மேலே படி. பெண், எங்கள் ஊர்ப் பொருளாளர் லியோனா. புருஷன் போய் வெகு காலமாகிறது. ஊரார் தேர்ந்தெடுத்த மூன்று தணிக்கையாளர்களில் நான் ஒருவன் என்பது உனக்குத் தெரியும். வருஷா வருஷம் அவள் எழுதிய கணக்கைக் கிண்டிக் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. போன வருஷம், பனியில் யாரும் வழுக்காமல் இருக்கச் சாலைக்குத் தூவுகிற மணலைக் கல்லறைத் தோட்டச் செலவில் எழுதியிருந்தாள். "இதென்னம்மா அநியாயம்?" என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "செத்தவங்க மட்டும் வழுக்கி விழலாமா?" என்றாள். அன்றைக்கு விழுந்தவன்தான் அக்கா, இன்னும் எழுந்திருக்கவில்லை. அறுபத்தாறு வயதில் இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. கேட்டேன். சரி என்றுவிட்டாள்.

குறுக்கே நிற்பது சட்டம். ஊர்க் கணக்கைத் தணிக்கை செய்கிறவன் அந்த ஊர்ப் பொருளாளருக்குப் புருஷனாக இருக்கக் கூடாது, பொருளாளரின் வேலையில் உதவி செய்கிறவனாகவும் இருக்கக் கூடாது என்று மாநிலச் சட்டமன்றத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நல்ல சட்டம்தான், ஒரே சட்டியில் சாப்பிடுகிறவர்கள் ஒருவர் தப்பை ஒருவர் வெளியே சொல்வார்களா? ஆனால் அந்த 'உதவி' என்கிற வார்த்தை என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே! ஜனவரியில் ஒரு நாள் காலையில் அவள் அலுவலகப் படியில் கிடந்த பனியைத் தள்ளிவிட்டேன். எங்களில் இன்னொரு தணிக்கையாளரான ஹாலிஸ், அவன்தான் வேலை மெனக்கெட்டு அடுத்தவன் வாசலைப் பார்க்கிறவனாயிற்றே, வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.

"எல்வின், பொருளாளருக்கு உதவி பண்றியா?"

"பனி தள்றேன்டா!"

"நீ தள்ளாம அவங்களால ஆபீஸைத் திறக்க முடியுமா?"

"முடியாது."

"அப்ப இது உதவிதான். உன் பதவி போச்சு."

என்ன செய்வது என்று தெரியாமல், தள்ளின பனியையெல்லாம் வாரி மறுபடியும் படியிலேயே போட்டேன். அந்த நேரம் பார்த்து லியோனா வந்து காலை வைத்தாள், இடுப்பு வரை உள்ளே போய்விட்டாள். கைகொடுத்துத் தூக்கலாம் என்றால் அதுவும் உதவியாகிவிடுமோ என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், அந்த ஒரு நிமிஷத்தை அவள் இன்னும் மறக்கவில்லை. "கட்டிக்கறேன்னு சொன்னவன் செய்யற காரியமா இது?" என்று அங்கிருந்தே கத்தினாள். கோபம் ஆறினதும் அவளே ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரம் ஒரு தட்டு நிறைய என் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். தணிக்கையாளன் பொருளாளர் கையால் இனாம் வாங்கலாமா என்ற பயத்தில் தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அடியில் பத்து டாலர் வைத்துவிட்டேன். ஒரு வாரம் பேச்சு வார்த்தை இல்லை. எட்டாம் நாள் பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஆகவே முடிவு கட்டிவிட்டேன் அக்கா. வருகிற செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று பதவியை விட்டுவிடப் போகிறேன். லியோனாவிடமும் சொல்லவில்லை, அப்படியே அசந்துபோகட்டும். பேசப்போவதைக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகைகூடப் பார்த்துவிட்டேன். அந்த வேலையை விடுவதில் எனக்கு வருத்தம்தான், ஊரில் என்னைக் கண்டால் நாலு பேர் பயப்படுவது அதனால்தான். ஆனாலும் தனியாக உட்கார்ந்து சூப் குடித்து அலுத்துவிட்டது. ஜூன் மாதம் இரண்டாம் சனிக்கிழமை கல்யாணம். அத்தானோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, உன் தம்பியை ஒருத்தியும் சீந்தமாட்டாள் என்று நீ சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள். அத்தானுக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், அவர்களுக்கே பேரன் பேத்தி வந்துவிட்டாலும்.

உன் அன்புத் தம்பி,
எல்வின்

பின்குறிப்பு: பனி உருகிப் பாதையெல்லாம் சேறு, கடிதத்தைத் தபாலில் சேர்க்க முடியவில்லை. அதற்குள் செவ்வாய்க்கிழமை வந்து போய்விட்டது. பள்ளிக்கூட ஹாலில் முதலில் பொருளாளர் தேர்தல். லியோனா எழுந்து, "இந்த வருஷம் நான் நிக்கலை" என்றாள். நான் தணிக்கையாளனாகவே இருக்கட்டும் என்று அவளும் எனக்குத் தெரியாமல் முடிவு கட்டியிருக்கிறாள்! "ஆள் இல்லேன்னா கணக்கெழுத வெளியூர்க் கம்பெனிக்குத்தான் காசைக் கொட்டி அழணும்" என்றார் கூட்டத் தலைவர். ஹால் முழுக்க முனகல். உடனே ஹாலிஸ், "எல்வின் இருக்கானே! இத்தனை வருஷம் அந்தக் கணக்குல குத்தம் கண்டுபிடிச்சவனுக்கு அதை எழுத வராதா?" என்றான். மறுக்கத்தான் துள்ளி எழுந்தேன். வாயில் வந்ததோ ஒத்திகை பார்த்த வாக்கியம்: "தணிக்கையாளர் பதவியை இப்பவே ராஜினாமா பண்றேன்!" ஊருக்காகத் தியாகம் செய்கிறேன் என்று எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலிலேயே நான் பொருளாளர். காலியான தணிக்கையாளர் இடத்துக்கு யார் என்ற பேச்சு வந்ததும் அத்தனை தலையும் லியோனா பக்கம் திரும்பியது. வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவளோ, "சந்தோஷமா ஏத்துக்கறேன். எத்தனை வருஷம் என் கணக்கைக் கிண்டினான்! இனி என் முறை" என்றாள். அவள் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்தபின் வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய், "இப்ப என்ன பண்றது? மறுபடியும் அதே சட்டம்" என்று புலம்பினேன். "புருஷன் பெண்டாட்டியா இருக்கக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. ஆகப் போறவங்களைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை, நல்லாப் படிச்சுட்டேன். உட்கார், சூப் ஆறுது" என்றாள். ஆகவே அக்கா, ஜூனில் தவறாமல் வந்துவிடு. ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது, சமையலுக்கும் ஆள் பேசியாகிவிட்டது. கல்யாணச் சாப்பாடு உண்டு, கல்யாணம்தான் இல்லை.