சாம்ராச்சியத்துக்கு நீந்தத் தகுதியுள்ளவர்

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டில், மகாகனம் பொருந்திய சக்கரவர்த்தியின் குடைக்கீழ் வாழும் நாடுகளெல்லாம் ஒன்றுகூடி ஓடவும் பாயவும் நீந்தவும் சிட்னியில் ஒரு விழா நடக்கப்போவதாகக் கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வந்தது. கரையோரப் பகுதி ஒவ்வொன்றும் ஒரு நீச்சல்காரரைத் தெரிந்து அனுப்ப வேண்டுமாம். இந்த மகத்தான பணிக்கென்றே மன்னாரில் 'நீர்விளையாட்டு ஊக்குவிப்புக் கந்தோர்' என்று ஒன்றைத் திறந்தார்கள். ஒரு துரை, ஒரு பெரிய கிளாக்கர், ஒரு சின்னக் கிளாக்கர், நாலு கதிரை. நாலாவது கதிரை நீச்சல்காரருக்கு.

மன்னாரில் நீச்சல்காரரைத் தேடுவது ஒரு வேலையா? சுற்றிவரக் கடல். கந்தோர் திறந்த அன்றே வாசலில் வரிசை நின்றது. முன்னால் நின்றவன் பேசாலைச் சந்தியோகு. சங்கு குளிக்கிறவன். அவன் நீந்துவதைக் கரையில் நின்று பார்த்தால், நமக்கும் நீந்தத் தெரியும் போலிருக்கிறதே என்று தோன்றும். அவ்வளவு இலேசு.

பெரிய கிளாக்கர் கொன்ஸ்ரன்ரைன், துரையோடு பழகிப் பழகித் துரையைவிடப் பெரிய துரையாகிப் போனவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தார்.

"நீர் எங்க நீச்சல் பழகினனீர்?"

"கடல்ல ஐயா."

"கடல்ல உமக்கென்ன வேலை?"

"சங்கு குளிக்கிறனான்."

"எடுக்கிற சங்கை என்ன செய்யிறனீர்?"

"விக்கிறனான். வேற என்ன ஐயா செய்யிறது, இருந்து ஊதிக்கொண்டிருக்கிறதோ?"

வரிசை சிரித்தது. கொன்ஸ்ரன்ரைன் சிரிக்கவில்லை. சுற்றறிக்கையின் ஏழாம் பந்தியை உரக்க வாசித்தார்: "தமது உடற்றிறத்தால் ஆதாயம் அடைந்தவர், அடைகின்றவர், அடையக்கூடுமென ஐயுறத்தக்கவர் எவரும் இவ்விழாவிற் பங்குபற்றலாகாது." வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "நீர் தொழிலுக்கு நீந்திறவர். எங்களுக்கு வேண்டியது ஆசைக்கு நீந்திறவர். தள்ளி நில்லும்."

"எனக்கும் ஆசைதானே ஐயா," என்றான் சந்தியோகு. "அறிஞ்ச நாள் தொடக்கம் இடுப்பில கயிறும் கையில பையுமாத்தான் தண்ணியில இறங்கிறன். ஒருக்காவெண்டாலும் கையில ஒண்டுமில்லாம, சும்மா, நேரா நீந்திப் பாக்கவேணும் எண்டு ஆசை."

வேடிக்கை பார்க்கப் போன எனக்கே நெஞ்சு சுட்டது. கொன்ஸ்ரன்ரைனுக்கும் சுட்டிருக்கும். ஆனால் ஏழாம் பந்தியில் நெஞ்சைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அடுத்தவர் பலசரக்குக்கடை அப்துல் றசாக். தராசு பிடிக்கிற கை. தொழிலுக்கு நீந்துகிறவர் என்று யாரும் சொல்ல முடியாது.

"நான் ஒருக்காத்தான் ஐயா நீந்தினனான். தோணி கவிண்டுபோச்சு. அல்லாஹ்ட காவல், நீந்திக் கரை சேந்திட்டன்."

"நீந்தினதால உமக்கு ஏதும் கிடைச்சதோ?"

"உசிர் கிடைச்சது."

"ஆதாயத்துக்கு நீந்தியிருக்கிறீர். தள்ளி நில்லும்."

பொழுது சாய்வதற்குள் வரிசை முழுவதும் தள்ளி நின்றது. துரை தாடையைத் தடவி ஆழ்ந்து ஆலோசித்தார். நீந்தத் தெரிந்தவன் எவனும் ஏதோ ஒரு தேவைக்காகத்தான் பழகியிருக்கிறான். ஆகவே களங்கமற்ற நீச்சல்காரன் என்பவன் நீந்தவே தெரியாதவன். இப்படி ஒரு மனிதருக்கு எங்கே போவது என்று அவர் திரும்பியபோது, சின்னக் கிளாக்கர் பரமநாதன் எதிரே உட்கார்ந்திருந்தார். பரமநாதன் கிணற்றடியில் வாளித் தண்ணீரையே கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையில் ஊற்றுகிறவர்.

"சேர், எனக்கு நீந்தத் தெரியாது!"

"அதுதான் உமது தகுதி," என்று துரை அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். நாலாவது கதிரையில் அவரைத் தூக்கி இருத்தினார்கள்.

பயிற்சி தொடங்கியது. நீந்தத் தெரிந்தவர் சொல்லிக்கொடுத்தால் தொழில் வாடை ஒட்டிக்கொள்ளும் என்பதால், லண்டனிலிருந்து ஒரு புத்தகம் வரவழைத்தார்கள். பரமநாதன் கந்தோரில் கிடந்த நீட்டு மர வாங்கிலே குப்புறப் படுத்துக் கையையும் காலையும் அடிப்பார். துரை புத்தகத்தை வாசிப்பார். கொன்ஸ்ரன்ரைன் நாடியைத் தாங்கிப் பிடிப்பார். வாங்கு நீச்சலில் பரமநாதனை மிஞ்ச இந்தச் சாம்ராச்சியத்தில் ஆளில்லை என்று துரை மேலிடத்துக்கு அறிக்கையும் அனுப்பினார்.

ஊருக்கும் நீச்சல் பைத்தியம் பிடித்தது. பெரிய கடைத்தெருவில் புடவைக்கடைச் சனூன் கோடுபோட்ட நீச்சல் உடுப்பு இறக்கினார். பட்டணத்துக் கனவான்கள் எல்லோரும் அதை மாட்டிக்கொண்டு, தோளில் ஒரு துவாயும் போட்டு, மாலையில் கடற்கரையோரம் உலாவினார்கள். யாரும் தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. உடுப்பு நனைந்தால் தொழில்காரன் என்று நினைத்துவிடுவார்களே என்ற பயம்.

தெரிவுப் போட்டி நாள் தலைமன்னார் இறங்குதுறையில் பெருங்கூட்டம். போட்டியாளர் ஒருவரே. துரை துவக்கை வெடிக்க வைத்தார். பரமநாதன் பாய்ந்தார். குறை சொல்லக்கூடாது, புத்தகத்தில் உள்ளபடியே கையையும் காலையும் அடித்தார். கீழே வாங்கு மட்டும் இல்லை.

பரமநாதனின் தொப்பி மட்டும் மிதந்தபோது சந்தியோகு சனத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"ஐயா, குதிக்கட்டோ?"

"பொறும்!" என்றார் கொன்ஸ்ரன்ரைன். "தொழில்காரர் தண்ணியில இறங்கினா போட்டி செல்லாமப் போடும்."

"ஆள் தாழுறார் ஐயா!"

"தெரியுது. துரையிட்டக் கேக்கிறன். நீர் அதுக்கிடையில எழுத்தில ஒண்டு..."

வசனம் முடியுமுன்னே சந்தியோகு தண்ணீருக்குள் இருந்தான். கொஞ்ச நேரத்தில் பரமநாதனைத் தலைமயிரில் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தான். பரமநாதன் வயிற்றுத் தண்ணீரெல்லாம் கக்கிவிட்டு, கண்ணைத் திறந்து, "நான் முதலாவதா வந்தனானோ?" என்று கேட்டார்.

துரையின் முகம் திடீரென்று மலர்ந்தது. கொன்ஸ்ரன்ரைன் மூலமாக ஒரு கேள்வி வந்தது.

"கூலி கேட்டோ குதிச்சனீர்?"

"இல்லை ஐயா."

"தருவினம் எண்டு நினைச்சனீரோ?"

"நினைக்க எங்க ஐயா நேரம்?"

உடனே அந்த இடத்திலேயே தீர்ப்பு: 'யாதொரு ஆதாயமும் கருதாது நிகழ்ந்த இந்நீச்சலால், மேற்படி சந்தியோகுவைப் பற்றியிருந்த தொழில் தோஷம் முற்றாக நீங்கிற்று.' சந்தியோகு சிட்னிக்குப் போகிறான்! இறங்குதுறை அதிர நாங்கள் கத்தினோம். அவனோ கடலையே பார்த்துக்கொண்டு, சின்னப்பிள்ளையைப் போல் தனக்குள் சிரித்தான்.

அன்று பின்னேரம் பேசாலையில் திருநாள்தான். எங்கள் ஆள் வெள்ளைக்காரன் தேசம் போகிறான், வெறுங்கையோடு அனுப்புவதா? சனூன் ஒரு கோட் கொண்டுவந்தார். அப்துல் றசாக் ஒரு ஓலைக் குட்டான் நிறையப் பனங்கட்டி. பரமநாதனின் மனைவி கும்பிட்டுக்கொண்டே பட்டுக்கரை வேட்டி வைத்தார். நான் ஒரு தகரப்பெட்டி கொடுத்தேன். "ஒண்டும் வேண்டாம், விடுங்கோ," என்று சந்தியோகு கெஞ்சினான். நாங்கள் விட்டால்தானே! கொன்ஸ்ரன்ரைன்கூட வாழ்நாளில் முதல்முறையாக விதியை மறந்து, தன் காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்றி அவன் காலில் மாட்டினார்.

மறுநாள் காலை கையெழுத்து வைக்கச் சந்தியோகு கந்தோருக்கு வந்தான். கொன்ஸ்ரன்ரைனுக்கு அதற்குள் விதிகள் ஞாபகம் வந்திருந்தன. அவர் கண் அவன் காலில் விழுந்தது.

"இந்தச் சப்பாத்து ஏது?"

"நீங்கள்தானே ஐயா தந்தனீங்கள்."

"என்னத்துக்குத் தந்தனான்?"

சந்தியோகுவுக்குப் பொய் வராது. "நான் நீந்தினதுக்கு," என்றான்.

கொன்ஸ்ரன்ரைன் ஏழாம் பந்தியைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "தள்ளி நில்லும்," என்று மேசையைப் பார்த்துச் சொன்னார். "சப்பாத்து உம்மட கூலி. கொண்டு போம்."

சந்தியோகு சப்பாத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெறுங்காலோடு படியிறங்கினான். அள்ளி அள்ளிக் கொடுத்துவிட்டு, வழியனுப்ப வந்து வாசலில் நின்ற நாங்கள் அவன் முகத்தைப் பார்க்கமுடியாமல் தலையைக் குனிந்துகொண்டோம்.

கப்பல் ரிக்கற் எடுத்தாகிவிட்டது. அரசாங்கப் பணம் வீண்போகக் கூடாதல்லவா? துரை முகாமையாளராகவும், கொன்ஸ்ரன்ரைன் காரியதரிசியாகவும், பரமநாதன் உப காரியதரிசியாகவும் சிட்னிக்குப் போனார்கள்.

அவர்கள் திரும்பி வந்த நாள் ஸ்ரேசனில் வாழை, தோரணம், பாண்டு வாத்தியம். துரை மேடையேறி முழங்கினார்: "எந்தத் தேசத்தவராலும், எந்தத் தூரத்திலும், எமது கோஷ்டியைத் தோற்கடிக்க முடியவில்லை!" கைதட்டல் வானைப் பிளந்தது. கை தட்டுகிறவர்களுக்கெல்லாம் கந்தோர்ச் செலவில் சனூன் சர்பத் ஊற்றிக்கொண்டிருந்தார்.

கடலில் இருந்து நேரே வந்த சந்தியோகு, இடுப்பில் ஈரச் சாரத்தோடு ஒரு ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"என்ன சந்தியோகு, நீ கை தட்டேல்லையோ?" என்று கேட்டேன்.

"தட்டினா சர்பத் தருவினமாம் அண்ணை. வாங்கிக் குடிச்சா, பிறகு அது தொழிலாப் போடும்." அவன் எங்கள் எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தான். "எனக்கு ஆசை வந்தாத் தட்டுவன். நீங்கள் தட்டுங்கோ. நல்லாப் பழகின கையள்."

என் கையில் இருந்தது இரண்டாவது கிளாஸ்.