மூன்றாம் மாடி மின்னலப்பன்

கன்னா மாமி கொலுவின் கடைசிப் படிக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடி, இரண்டு கையையும் கூப்பிவிட்டாள். கும்பிட்டது மேல்படியில் இருந்த பெருமாளை அல்ல. செட்டியார் பொம்மைக்கும் கிரிக்கெட் டீமுக்கும் நடுவில் நின்ற ஒரு பிளாஸ்டிக் பொம்மையை.

சுண்டல் கிண்ணத்தோடு வந்த கோபாலன் அப்படியே நின்றார்.

மாமி பேரில் தப்பில்லை. தில்லியில் அந்த அரசுக் குடியிருப்பில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து அன்றோடு நாலு நாள். கொலுவின் முதல் நாளே குத்துவிளக்கு வெளிச்சத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் முறுக்கு மீசையும் உருட்டு விழியும், வலது கையில் ஒரு கட்டு மின்னலுமாக ஒருவர் நின்றால் யாருக்கும் கை தானாகக் குவியும். போதாததற்கு, பொம்மையின் இறுக்கமான கால்சட்டை பார்க்க நன்றாக இல்லை என்று கோபாலனின் மனைவி வைதேஹி பழைய பட்டுப் புடவையில் ஒரு துண்டு கிழித்து வேஷ்டி கட்டிவிட்டிருந்தாள்.

பொம்மை அவர்கள் பெண் ஷ்ரேயாவுடையது. ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு டி.வி.யில் 'பிஜ்லிவீர்' என்று ஒரு தொடர் வந்துகொண்டிருந்தது. வானத்தில் பறந்து வந்து உலகத்தைக் காப்பாற்றுகிறவன். விளம்பரம் போக இருபத்திரண்டு நிமிஷத்தில் காப்பாற்றிவிடுவான். அந்த நேரத்தில் கோபாலன் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாழைக்காய் பொறுக்கிக்கொண்டிருப்பார், ஆகவே அந்த மகானைத் தரிசித்ததில்லை. ஆனால் குழந்தையின் ஆறாவது பிறந்தநாளுக்குக் கரோல் பாக் நடைபாதையில் பொம்மை வாங்கியது அவர்தான். பெட்டியில் இரண்டு இருந்தன. ஒன்று போதும் என்று எவ்வளவோ பேரம் பேசிப் பார்த்தார். "ஜோடி ஹை, சாப்" என்று கடைக்காரன் மசியவில்லை.

கொலு வைத்தபோது ஷ்ரேயா கேட்டாள். "அம்மா, என் பொம்மையும் வெக்கலாமா?"

வைதேஹி அப்போது மூக்கு உடைந்த ஒரு மரப்பாச்சியைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். "கொலுவிலே எல்லாருக்கும் எடம் உண்டு. போலீஸ்காரன், பாம்பாட்டின்னு யார் வேணா நிக்கலாம். ஒடைஞ்சது மட்டும் கூடாது. ஒரு விரல் போயிருந்தாலும் கூடாது."

ஷ்ரேயா கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போய்ப் பொம்மையை எடுத்து வந்தாள். அப்படித்தான் அவர் கடைசிப் படியில் குடியேறினார்.

"பாய்சாப், இவர் எந்த பகவான்?" என்று கன்னா மாமி கண்ணைத் திறந்து கேட்டாள்.

பேச்சு ஹிந்தியில்தான் நடந்தது. பதினாறு வருஷம் தில்லியில் குப்பை கொட்டியும் கோபாலனின் ஹிந்தியில் நாற்காலி ஆணா பெண்ணா என்பது இன்னும் முடிவாகவில்லை. அதனால் தமிழிலேயே சொல்லிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் முட்டிவலியோடு மூன்று மாடி ஏறி வந்து பயபக்தியோடு கும்பிட்டவளிடம், "மாமி, அது விளையாட்டுச் சாமான்" என்று எப்படிச் சொல்வது? தவிர, வைதேஹி மந்திர் மார்க் பள்ளியில் டீச்சர். பள்ளிவிட்டு வரும் ஷ்ரேயாவுக்குப் பராட்டா போட்டு, சாயங்காலம் வரை பார்த்துக்கொள்வது தரைத்தளத்துக் கன்னா மாமிதான். அவள் மனம் கோணினால் இந்த வீட்டில் ஒரு நாள்கூட ஓடாது.

"எங்க ஊர்க் காவல் தெய்வம், மாதாஜி" என்றார்.

"பேர்?"

கோபாலன் அவசரத்துக்கு பிஜ்லியைத் தமிழில் பெயர்த்தார். "மின்னலப்பன்."

சமையலறைக்குள் போனதும் வைதேஹி பிடித்துக்கொண்டாள். "ஏன்னா, நம்ம மன்னார்குடியிலே ஏது மின்னலப்பன்?"

"மெதுவாப் பேசு. தாம்பூலம் வாங்கிண்டு போயிடுவா. அதோட முடிஞ்சுது."

முடியவில்லை. "மின்னலப்பா ஜி, கரண்ட் குடு" என்று மாமி வாய்விட்டு வேண்டிக்கொண்டுதான் போனாள். மறுநாள் காலை பத்து மணிக்குக் கரண்ட் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் பதினேழு பெண்கள் வந்தார்கள். ஆளுக்கொரு சாமந்தி மாலை. ஒரு சாண் உயரப் பொம்மைக்குப் பதினேழு மாலை போட்டால் என்ன மிஞ்சும்? இரண்டு கண்ணும் மீசையின் ஒரு நுனியும்தான். வைதேஹி அரைக் கிலோ கொண்டைக்கடலைதான் ஊறப்போட்டிருந்தாள். சுண்டல் தீர்ந்து, பொட்டுக்கடலை தீர்ந்து, கடைசியில் வந்த இரண்டு பேருக்கு மாரி பிஸ்கட் கொடுத்தாள். அவர்கள் அதையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார்கள்.

"இது டி.வி. பொம்மைன்னு தெரிஞ்சா என்ன ஆகும்னு நெனைச்சேளா?" என்றாள் வைதேஹி.

கோபாலன் நினைத்தார். நினைத்ததும் வியர்த்தது. பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஷ்ரேயா, கொலு முடியற வரைக்கும் அந்தப் பொம்மையைப் பத்தி யார்கிட்டேயும் ஒரு வார்த்தை பேசப்படாது. ப்ராமிஸ்?"

"ஆனா அப்பா, அது வந்து..."

"எங்கிட்டேயும் பேசப்படாது."

ஷ்ரேயா உதட்டை மடித்துக்கொண்டு தலையாட்டினாள். சொன்ன சொல் காப்பாற்றுகிற குழந்தை. அம்மாவைக் கொண்டிருந்தாள்.

கொலுவின் நாலாம் நாள் பக்கத்து பிளாக்கிலிருந்தும் வர ஆரம்பித்தார்கள். வரிசை இரண்டாம் மாடி வரை நின்றது. ஒருத்திக்கு ஃப்ரிட்ஜ் வேண்டும், ஒருத்திக்கு மருமகள். மின்சாரத்துக்கு மட்டும்தான் இவர் என்று கோபாலன் இலாகா பிரித்துச் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. வாழைக்காய் பஜ்ஜி போடக்கூட நேரமில்லாமல் வைதேஹி மூன்று வேளையும் சுண்டலைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

கோபாலனுக்கு ஒரு வழி தோன்றியது. வரிசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்.

"எங்க வழக்கத்திலே விஜயதசமி அன்னிக்கு ராத்திரி பொம்மையைப் படுக்க வெச்சுடுவோம். அப்புறம் பெட்டி. அடுத்த வருஷம்தான் வெளியே எடுப்போம். அதனால இவரும் தூங்கப் போயிடுவார்."

இதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் ஆபத்தாகப் போயிற்று.

"ஒரு வருஷம் தூங்குவாரா?" கன்னா மாமி நெஞ்சில் கை வைத்தாள். "அதுவரைக்கும் கரண்ட்?"

வரிசையில் சலசலப்பு கிளம்பியது. மாமியின் கணவர் கன்னா சாகிப், ஏதோ ஒரு அமைச்சகத்தில் இருபத்தெட்டு வருஷம் விதிகளோடு வாழ்ந்தவர், தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். "அவரைத் தூங்க விடக் கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலேயே சின்னதா ஒரு மந்திர் கட்டிடலாம்."

மறுநாள் காலை கோபாலன் பால் வாங்கப் போனபோது டிரான்ஸ்ஃபார்மர் வேலியோரம் இருநூறு செங்கல் அடுக்கியிருந்தது.

இங்கே கோபாலனின் உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும். அரசுக் குடியிருப்புகளில் அனுமதியில்லாமல் எது எழும்பினாலும் அதை இடிக்கச் சொல்லிக் குறிப்பு எழுதுவதுதான் அவர் வேலை. கோழிக்கூண்டு, ஸ்கூட்டர் கொட்டகை, பால்கனியை அடைத்துப் போட்ட ரூம் எல்லாம் அவர் பேனாவில் விழுந்திருக்கின்றன. அவர் வீட்டிலிருந்து கிளம்பிய சாமிக்கு அவர் குடியிருப்பிலேயே கோயில் எழும்பினால், விசாரணை வரும். குவார்ட்டர்ஸ் போகும். வேலையும் தங்குமா என்று சொல்ல முடியாது. குழந்தையைக் கூட்டிக்கொண்டு தில்லியில் எந்தச் சந்தில் வீடு தேடுவது?

ஓடிப் போய் கன்னா சாகிப்பைப் பிடித்தார். "சாப், அனுமதி இல்லாம ஒரு செங்கல்கூட வெக்கக் கூடாது. முதல்லே விண்ணப்பம் குடுக்கணும்."

அரசாங்கத்தில் விண்ணப்பம் என்பது கிணற்றில் போட்ட கல். கூரை ஒழுகுகிறது என்று கோபாலனே கொடுத்த விண்ணப்பத்துக்குப் பதினோரு மாதமாகப் பதில் இல்லை. அந்த நம்பிக்கையில்தான் சொன்னார்.

இந்த விண்ணப்பமோ இரண்டே நாளில் அவர் ஆபீசுக்கே வந்தது. கன்னா சாகிப் நூற்றுப்பன்னிரண்டு கையெழுத்து வாங்கி, நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். பிரிவின் மேலதிகாரி வெங்கடராமன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கோபாலனின் மேஜைக்கே வந்தார்.

"கோபாலன், நீங்க தஞ்சாவூர்ப் பக்கம்தானே? மின்னலப்பன்னு ஒரு சாமி கேள்விப்பட்டிருக்கேளா?"

"அது வந்து சார்..."

"ஒரு பக்தர் வீட்டிலே இப்போதைக்குத் தங்கியிருக்காராம். எந்த வீடுன்னு போடலை. எனக்கென்னவோ எவனோ கதை விட்டிருக்கான்னுதான் படறது. விசாரிச்சு நோட் போடுங்கோ. சாமி உண்டுன்னா உண்டுன்னு எழுதுங்கோ. இல்லேன்னா அந்த ஆளோட குவார்ட்டர்ஸைக் கேன்சல் பண்ணலாம்னு ஒரு பாரா சேருங்கோ. நீங்கதான் அந்தப் பாரா நன்னா எழுதுவேள்."

"எப்போ வேணும் சார்?"

"லீவு முடிஞ்சு வந்ததும் மொதல் வேலை."

அன்று கோபாலன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தார். உண்டு என்று எழுதினால் அரசாங்கத்துக்குப் பொய். இல்லை என்று எழுதினால் தன் வீட்டைத் தானே காலி செய்கிற பாரா. பறந்து வந்து காப்பாற்றுகிறவனை ஜனங்களுக்கு ஏன் பிடிக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. இருபத்திரண்டு நிமிஷத்தில் முடித்துத் தருகிற ஒருவன் தனக்கும் இருந்தால் தேவலை என்று தோன்றியது.

வீட்டில் வைதேஹியிடம் சொன்னார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சொல்லிடுங்கோ. எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்கோ. கன்னா மாமி பேசாமப் போனா, நான் லீவு போட்டுக் குழந்தையைப் பார்த்துக்கறேன். அவாளை ஏமாத்திண்டு என்னாலே சுண்டல் குடுக்க முடியலை."

விஜயதசமி சாயங்காலம். மைதானத்தில் எரிப்பதற்கு ராவணன் தயாராக நின்றான். போகிற வழியில் மின்னலப்பனைக் கையோடு கூட்டிக்கொண்டு போக, கன்னா தம்பதி தலைமையில் ஒரு கூட்டம் மூன்றாம் மாடி ஏறி வந்து நின்றது. கையில் பித்தளைத் தட்டு, கற்பூரம், ஒரு கண்ணாடிப் பெட்டி.

கோபாலன் கொலுவுக்குக் குறுக்கே நின்றார்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும். இது சாமி இல்லை. மின்னலப்பன்னு யாருமே இல்லை. கரோல் பாக்கிலே வாங்கின பொம்மை. டி.வி.யிலே வருமே, பிஜ்லிவீர், அதான் இது. மாதாஜி மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு பொய் சொல்லிட்டேன். தப்பு என்னோடது."

கீழே யாரோ பட்டாசு கொளுத்துகிற சத்தம் கேட்டது. கோபாலன் கன்னா மாமியைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் வாய் திறந்தது கன்னா சாகிப். "பொம்மையா? நிச்சயமா பொம்மைதானே?"

"நிச்சயமா."

"அச்சா. அப்படின்னா அனுமதியே தேவையில்லை. வழிபாட்டுத் தலத்துக்குத்தான் அனுமதி. கண்ணாடிப் பெட்டியிலே ஒரு பொம்மையை வேலியிலே மாட்டினா அது கட்டடமும் இல்லை, கோயிலும் இல்லை. விண்ணப்பத்தை நாளைக்கே வாபஸ் வாங்கிடறேன். செங்கல்லையும் திருப்பிடலாம்."

கோபாலன் அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று மனதுக்குள் புரட்டிப் பார்த்தார். இருந்தது. நோட் எழுத வேண்டாம். பாரா வேண்டாம். குவார்ட்டர்ஸ் எங்கும் போகாது.

கன்னா மாமி அருகே வந்தாள். "பாய்சாப், நாலு நாள் மின்சார ஆபீசுக்குப் போன் போட்டேன். எடுக்க ஆள் இல்லை. ஒருத்தன் எடுத்தான், நான் பேசி முடிக்கிறதுக்குள்ளே வெச்சுட்டான். கூப்பிட்டா வர்றதுக்கு ஒருத்தன் வேணும், அவ்வளவுதான். அவன் மண்ணா இருந்தா என்ன, பிளாஸ்டிக்கா இருந்தா என்ன? பிஜ்லிவீர் நல்லவன்னு நம்ம குடியிருப்பிலே குழந்தைங்க எல்லாம் சொல்லுதே. வெளிச்சத்துக்காகச் சண்டை போடறவன் வெளிச்சத்தைக் காவல் காக்கட்டுமே."

"உங்களுக்குக் கோபம் இல்லையா, மாதாஜி?"

"கோபம் உண்டு. மாரி பிஸ்கட்டைப் பிரசாதம்னு குடுத்தீங்களே, அதுக்கு."

கோபாலனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இத்தனை நல்ல ஜனங்களை ஒன்பது நாள் பயந்து பார்த்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வைதேஹி எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டு, கொண்டைக்கடலை எடுக்க உள்ளே போனாள்.

மாமி குனிந்து மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். முறுக்கு மீசை வந்தது. உருட்டு விழி வந்தது. மின்னல் கட்டைப் பிடித்த கை வந்தது. கன்னா சாகிப் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பிடித்தார்.

கதவோரத்தில் நின்றிருந்த ஷ்ரேயா அப்பாவின் சட்டையை இழுத்தாள்.

"அப்பா, இப்போ நான் பேசலாமா?"

"பேசும்மா. இனிமே மறைக்கறதுக்கு என்ன இருக்கு?"

எல்லோருக்கும் புரியட்டும் என்று ஷ்ரேயா ஹிந்தியிலேயே சொன்னாள்.

"பிஜ்லிவீருக்குக் கை ஒடைஞ்சு போச்சு, அதான் அம்மா சொன்னபடி நான் அவனைக் கொலுவிலே வெக்கலை. இவன் அந்தகார்சிங், ஊர்க் கரண்ட்டை எல்லாம் திருடி வெச்சுக்குவான், எல்லாரும் வந்து கைகூப்பினாத்தான் திருப்பிக் குடுப்பான்."