துண்டுக்குள் சொன்ன வலி

வாயைத் திறந்து ஓர் எண்ணைச் சொல்லாமலே ஒரு மனிதர் வாழ்ந்துவிட முடியும் என்றால், அது நரிக்குடிப் பக்கத்துத் துண்டுத் தரகரால்தான் முடியும். பஸ்ஸில் எத்தனை டிக்கெட் என்று கேட்டால் விரலைக் காட்டுவார். வயதைக் கேட்டால், "பாத்தாத் தெரியலையா?" என்பார். அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று ரேஷன் கார்டுக்கே சந்தேகம் இருந்திருக்கும்.

தொழில் ஆட்டுத் தரகு. அவர் போகிற சந்தைகளில் விலையை வாயால் சொல்கிற வழக்கமில்லை. கைகளின் மேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரல்களைப் பிடித்துப் பேசுவார்கள். சுற்றி நிற்பவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். தரகர் முகத்தைப் பார்த்து எதையும் ஊகிக்க முடியாது.

அவரை நான் சந்தித்தது அருப்புக்கோட்டையில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில். எனக்குக் குதிகால் வலி. திருச்சுழியில் நின்றுகொண்டே பாடம் நடத்திச் சம்பாதித்தது. அவருக்கு வலது முழங்கை. திமிறுகிற கிடாய்களை இழுத்து இழுத்துத் தசைநார் கெட்டு, பிடி தளர்ந்து போயிருந்தது. ஒருநாள் சந்தையில் அவர் ஐந்து விரலைப் பிடித்ததாக நினைத்தார். ஆட்டுக்காரருக்கு நான்குதான் போய்ச் சேர்ந்தது. பெரிய சண்டை. தரகர் கை பொய் சொல்கிறது என்று பேச்சுக் கிளம்பி, ஆட்கள் வேறு தரகரைத் தேடிப் போய்விட்டார்கள்.

"இடது கையால பேசலாமே?" என்று கேட்டேன்.

"இடக்கையில யாவாரம் பேசுனா வெளங்குமா சார்?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

எங்கள் இருவருக்கும் ஒரே வைத்தியம், ஷாக்வேவ். முதல் நாள் அவர் ரப்பர் செருப்போடு படுக்கையில் ஏறிவிட்டார்.

"ஷாக்குன்னு பேரையும் வச்சுக்கிட்டு செருப்பக் கழட்டச் சொல்றியே தாயி?"

"கரண்டு இல்லைங்கய்யா, அதிர்வுதான். நோவுற எடத்துல தட்டித் தட்டி ஆற வைக்கும்" என்றாள் வைத்தியம் பார்க்கும் மல்லாங்கிணற்றுப் பெண். பக்கத்து விசைத்தறியோடு போட்டி போட்டுக்கொண்டு மிஷின் டகடகவென்று அடிக்க ஆரம்பித்தது.

"வலி எத்தனைங்கய்யா? பத்துக்குள்ள சொல்லுங்க."

"நீ மொதல்ல ஒண்ணு சொல்லு தாயி, பாப்போம்."

"ஒங்க வலிய நான் எப்படிங்கய்யா சொல்றது?"

"சும்மா எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கு."

நம் அவதியைக் காட்டினால் எதிராளி ஏறி உட்கார்ந்துகொள்வான் என்பது அவர் தொழில் கற்றுத் தந்த பாடம். அவளோ நம்பி அழுத்தத்தைக் கூட்டினாள். அவர் பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது. கண்ணில் நீர் கோத்ததைப் பார்த்துப் பதறிப்போய் மிஷினை நிறுத்தினாள்.

"இப்படிப் பொய் சொன்னா கை சரியாகாதுங்கய்யா."

"நாலு பேரு கேக்க எண்ணச் சொல்லிப் பழக்கமில்ல தாயி. துண்டுக்குள்ள கேளு. அதுக்குள்ள நான் பொய் சொன்னதே இல்ல."

"அப்ப துண்டப் போடுங்க" என்று அவள் கையை நீட்டினாள்.

"பொம்பளப்புள்ள கையிலயா!" என்று அவர் கூசிப் போனார். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

தரகருக்கு நான் தரகரானது இப்படித்தான். "இது வலிதான சார், யாவாரமில்லையே" என்று இடது கையை நீட்டினார். துண்டுக்குள் என் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தார். பிறகு மூன்று. எட்டு! முகம் மட்டும் டீக்கடையில் சாவகாசமாக உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அவள் காதில் ரகசியமாகச் சொன்னேன், அழுத்தத்தைக் குறைத்தாள்.

வாராவாரம் இதே கூத்து. எட்டு ஆறாகி, ஆறு நாலாகி இறங்கியது. நடுவில் பிசைவதற்கு ஒரு ரப்பர் பந்தும் கொடுத்தாள். அதையும் அவர் துண்டால் மூடிக்கொண்டுதான் பிசைவார். பஸ்ஸில் பார்த்தவர்கள், மனுஷன் தனக்குத் தானே ஆடு விற்றுக்கொள்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

வைத்தியம் முடிந்து சந்தைக்குப் போன அன்று என்னையும் கூடவே இழுத்துப் போனார். சண்டை போட்ட அதே ஆட்டுக்காரர் எதிரே வந்து நின்றார். கையை நீட்டவில்லை.

"கை சரியாயிருச்சா?"

"பிடிச்சுப் பாரு."

இருவர் கைகளின் மேலும் துண்டு விழுந்தது. தரகரை விட எனக்குத்தான் அதிகம் வியர்த்தது. இந்தக் கை இன்றும் தோற்றுவிட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. கொஞ்ச நேரத்தில் ஆட்டுக்காரர் முகம் கோணியது.

"ஏலே, வெரல ஒடிச்சிராத! நல்லாவே வெளங்குது, விடு!"

கிடாய் கைமாறியது. தரகர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். "இப்ப வலி எப்படி இருக்கு?" என்று கேட்டேன். துண்டை எடுத்து எங்கள் கைகளின் மேல் போட்டார். இந்தத் தடவை வலது கை. என் ஒரே ஒரு விரலை மட்டும் பிடித்தார். சொல்லியாகிவிட்டது, அதோடு விட்டிருக்கலாம். திருச்சுழி வரும்வரை அவர் விடவில்லை. எனக்கும் கையை எடுக்க மனம் வரவில்லை.