கீழ்த் தெருவுக்கு அளவெடுத்தவர்

செத்துக்கொண்டிருந்த ஒரு தெருவுக்கு முழங்கால் போட்டு அளவெடுத்த டெய்லர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருப்பார். எங்கள் டவுன் அவரை 'இஞ்சி டேப்' என்று கூப்பிட்டது. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும் என்று பேசிக்கொள்வோம். தபாலில்கூட 'இஞ்சி டேப், கீழ்த் தெரு' என்று எழுதினால் போதும், கடிதம் போய்ச் சேர்ந்துவிடும்.

டவுன் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் வளைந்து வளைந்து போனால் வருகிற ஊர். மேலே ஒரு தெரு, கீழே ஒரு தெரு. சுற்றியிருந்த தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்குக் கடைவீதி என்றால் கீழ்த் தெருதான். சுதந்திரம் கிடைத்த கொஞ்ச காலத்தில் பஸ் நிற்கும் இடத்தை மேல் தெருவுக்கு மாற்றினார்கள். கீழ்த் தெரு படுத்துவிட்டது. புடவைக் கடைக்காரர் இந்தியாவுக்குப் போனார். நகைக் கடைக்காரர் கொழும்புக்குப் போனார். மிஞ்சியவை ஒரு கருவாட்டுக் கடை, ஒரு பாத்திரக் கடை, இஞ்சி டேப்பின் தையல் கடை. மழை பெய்தால் கருவாடு தெருவில் மறுபடியும் நீந்தும்.

நான் அப்போது பட்டின சபை ஆபீசில் கிளாக்கர். கீழ்த் தெருவைச் சீர்படுத்தச் சொல்லி வரும் பெட்டிசங்களை வாங்கி, நம்பர் போட்டு, அலுமாரியில் வைத்துப் பூட்டுவது என் உத்தியோகம். பெட்டிசங்கள் எல்லாவற்றையும் எழுதியவர் இஞ்சி டேப்.

ஒரு நாள் அவர் பெட்டிசம் எழுதுவதை நிறுத்திவிட்டு, கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். அறுபது இஞ்சி அளப்பார், சோக்கால் கோடு போடுவார், தவழ்ந்து போய் அடுத்த அறுபது இஞ்சி அளப்பார். தேயிலைப் பெட்டி ஏற்றிவந்த லொறிக்காரன் பிரேக் அடித்துவிட்டுக் கத்தினான்.

"யோவ் டெய்லர், ரோட்டுக்குக் கால்சட்டை தைக்கப் போறியா?"

"மொதல்ல அளவு எடுத்துக்கிறேன் தம்பி. என்ன தைக்கிறதுன்னு அப்புறம் பாத்துக்கலாம். சக்கரத்தக் கொஞ்சம் தூக்கிக்கிங்க."

தெருவின் அளவையும் வாடிக்கையாளர்களின் அளவையும் அவர் ஒரே கொப்பியில் எழுதினார். அதனால் வந்தது வினை. தபால்காரர் தமது புதுக் கால்சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார்.

"என்னா டெய்லர் இது? நானும் எம் பொஞ்சாதியும் சேந்து போடலாம் போல இருக்கு!"

இஞ்சி டேப் கொப்பியைப் புரட்டினார். முகம் வெளுத்தது. "இது ஒங்க இடுப்பு இல்லீங்க, முக்குல இருக்கிற மதகு. ஐயய்யோ, அப்ப மதகுக்கு ஒங்க இடுப்பையில்ல போட்டிருக்கேன்! மழை வந்தா என்னா ஆகுறது?" தபால்காரரை அப்படியே நிறுத்திவிட்டு மதகைத் திருத்த ஓடினார்.

கடைசியில் ஒரு காக்கித் துணியில் முழுத் தெருவையும் நூலால் தைத்துக்கொண்டு எங்கள் ஆபீசுக்கு வந்தார். வரிசையாகக் கடைகள், மூடிய சாக்கடைக் காண், தண்ணீர்க் குழாய், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் பொம்பிளைகள் நனையாமல் நடக்கக் கடைகளுக்கு முன்னால் நீளக் கூரை. தெருவை அகலமாக்க ஒரு கடை இடிபட வேண்டும். அந்த இடத்தில் சிவப்பு நூல். அது அவருடைய கடை.

"ஒங்க கடையவே இடிக்கச் சொல்றீங்களே டெய்லர்?"

"வளைவுல துருத்திக்கிட்டு நிக்குது தம்பி. வெட்டாம எப்புடி? புதுசுல ஒண்ணு தருவாங்கல்ல?"

சேர்மன் துணியை விரித்துப் பார்த்துவிட்டு, "மேசைக்குப் போடலாம்" என்றார்.

ஆனால் கொழும்பிலிருந்து டவுன்களுக்கு அபிவிருத்திப் பணம் ஒதுக்குகிற ஆபீசர் ஒருவர் வரப்போகிறார் என்று தெரிந்ததும், இஞ்சி டேப் சனத்தைக் கூப்பிட ஏழெட்டுத் தோட்டத்து லயங்களுக்கு, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, நடந்தார். சம்பளம் போட்ட ஞாயிறு, ஆபீசரின் ஜீப் கீழ்த் தெருவுக்குள் நுழைய முடியவில்லை. அவ்வளவு சனம். திருவிழாச் சேலையில் பெண்கள், கோட்டுப் போட்ட தோட்டத் தலைவர்மார், தோளில் பிள்ளைகள். ஆபீசர் அசந்துபோனார். பிறகு சிங்களத்தில் ஒரு கேள்வி கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"இதில் எத்தனை பேருக்கு வோட்டு இருக்கு என்று கேக்குறார்."

சுதந்திரம் வந்த சூட்டோடு சூடாகச் சட்டம் போட்டு அந்த இந்திய வம்சாவளிச் சனங்களை நாடற்றவர்களாக்கி, வோட்டையும் பறித்திருந்தார்கள். பதில் எல்லாருக்கும் தெரியும். இஞ்சி டேப் முன்னால் வந்தார்.

"வோட்டு இல்லீங்கய்யா. காலு இருக்கு, ஆளுக்கு ரெண்டு. அதாலதான் அஞ்சு மைல் நடந்து வந்திருக்காங்க. தெருவுக்கு வேண்டியது காலுதானுங்களே?"

மொழிபெயர்த்தேன். ஆபீசர் வாய்விட்டுச் சிரித்தார். காக்கித் துணியைக் கேட்டு வாங்கி மடித்து ஜீப்பில் வைத்துக்கொண்டார். சேர்மன், அந்தப் பதிலை நானே சொன்னதுபோல என்னை முறைத்தார்.

நம்ப மாட்டீர்கள், பணம் வந்தது. தையல் கடை முதலில் இடிந்தது. இஞ்சி டேப் மெசினைக் கருவாட்டுக் கடை மூலையில் போட்டுவிட்டு, நாள் முழுக்க மேசன்களின் உயிரை எடுத்தார்.

"பாசு, இங்க அரை இஞ்சி கொறையுது!"

"டெய்லரே, இது செவுரு. சட்டை இல்ல."

"சட்டையின்னா பிரிச்சுத் தச்சுக்கலாம். செவுத்த எப்புடிப் பிரிப்பீங்க?"

கூரைக்குத் தகரம் ஏறிய வாரத்தில் மேலிடத்துக் கடிதம் ஒன்று வந்தது. கடைகளை நாட்டின் பிரஜைகளுக்கு மட்டுமே கொடுக்க வேண்டும். அதைத் தமிழில் டைப் அடித்தவன் நான். ஒரு மாதம் அவரிடம் சொல்லவில்லை. தினமும் ஆபீஸ் வாசலால் போகும்போது அவர் கை காட்டுவார். நான் டைப்ரைட்டரைப் பார்ப்பேன்.

அவரும் குடியுரிமைக்கு எழுதிப்போட்டிருந்தார். விசாரணைக்கு அழைத்தார்கள். இந்த நாட்டில் இடைவிடாமல் இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும். பொகவந்தலாவைத் தோட்டம் ஒன்றில், லயத்தில் பிறந்தவர். பிறப்புச் சாட்சிப்பத்திரம் இல்லை. என் அப்பா ஒரு துண்டுக் கடதாசியைக்கூட வீசாத மனிதர், அந்தக் கடதாசிகளால் நான் பிரஜை. இஞ்சி டேப்பிடம் இருந்தவை அளவுக் கொப்பிகள். ஒரு சாக்கு நிறையக் கட்டிக்கொண்டு போனார். அங்கே நடந்ததை அவரே தேத்தண்ணிக் கடையில் சிரித்துக்கொண்டு சொன்னார்.

"ஐயா, போஸ்ட் மாஸ்டர் இடுப்பு முப்பத்திரெண்டுல இருந்து நாப்பத்தொண்ணு ஆகுற வரைக்கும் நான் இங்கதான் இருந்திருக்கேன், வருஷா வருஷம் எழுதியிருக்கு பாருங்கன்னேன். இதெல்லாம் அத்தாட்சி இல்லன்னுட்டாரு விசாரிச்ச ஆபீசரு. அவரு கோட்டுல தோள்பட்டை எறங்கியிருந்துச்சு. சொல்லலாமான்னு பாத்தேன், வேணாம்னு விட்டுட்டேன்."

கடை கிடைத்தவர்களின் பட்டியலை ஆபீஸ் விறாந்தையில் நின்று வாசிக்கச் சொன்னார்கள். நல்ல மழை. அவர் முன்வரிசையில், துவைத்த கோட்டுடன் நின்றார். வாசித்தேன். மேல் தெருக் கடைக்காரர்கள், சேர்மனின் மச்சான், மச்சானின் மச்சான்.

"தம்பி, இன்னொரு தரம் வாசிங்க. மழைச் சத்தத்துல விட்டுப்போயிருக்கும்."

நான் மறுபடியும் வாசித்தேன். அதே பெயர்கள். ஊரே தரையைப் பார்த்தது. அவர் தலையாட்டிவிட்டுச் சேர்மனின் மச்சானிடம் போனார். "மூணாம் நம்பர்தானுங்களே? மேக்கால சாரல் அடிக்கும். ஒரு பலகை வச்சுக்கிங்க" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கி நடந்தார்.

புதுக் கூரையின் ஓரத்தில் மெசினைப் போட்டுக் கொஞ்ச நாள் தைத்தார். நடைபாதைக்கு இடைஞ்சல் என்று நோட்டீஸ் போனது. அதையும் நான்தான் டைப் அடித்தேன். தெரு ஜேஜே என்று நடந்தது. அதில் அவருக்கு ஆறடி இடம் இல்லை. கடைசியில், பார்த்தே இராத துறையூரில் இருக்கிற சித்தப்பா மகனை நம்பி, இந்தியப் பிரஜையாகப் போய்விடுகிறேன் என்று எழுதிக்கொடுத்தார்.

போகிற அன்று காலை ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"என்னா தம்பி, இன்னைக்கி ஆபீஸ் இல்லியா?"

"லீவு போட்டுட்டேன்."

"எதுக்கு?"

"உங்கள அனுப்பிவைக்கத்தான்."

பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு, வெட்கப்பட்ட குரலில் கேட்டார்: "எனக்காகவா லீவு போட்டீங்க?"

"ஆமாண்ணே" என்றேன். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவரை நான் அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ரயில் வந்துவிட்டது.