சிங்கத்தை அராவிய கதை

உதவி செய்கிறேன் என்று ஒருவன் தானாக வெளிக்கிட்டால், அவனைப் பிடித்துக் கதிரையில் கட்டிப்போடுவது நல்லது. தொண்ணூறுகளில், பலேர்மோவில், என்னை ஒருவரும் கட்டிப்போடவில்லை.

அப்போது பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பக்கத்தில் ஒரு சின்யோராவின் வீட்டில் எனக்கு வேலை. எண்பதை நெருங்கியவர். கணவர் கப்பல் கப்டன், காலமாகிவிட்டார். மகன் வடக்கே, தொரினோவில். 'தனியாகக் கிடந்தது போதும், இங்கே வாருங்கள்' என்று கிழமை தவறாமல் போனில் அதே பல்லவி. கப்டனோடு வாழ்ந்த வீட்டை விட்டுப் போகச் சின்யோராவுக்கு மனமே இல்லை. ஆனால் பென்ஷன் வாடகைக்குக் காணாது. ஆகவே, கப்டன் ஆம்ஸ்டர்டாமில் வாங்கிவந்த பழைய வெள்ளித் தேநீர்க் கேத்திலை விற்பதென்று முடிவெடுத்தார். அது நல்ல விலைக்குப் போனால் அவர் வீட்டிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் தொரினோதான்.

பழைய வெள்ளி பார்த்து மதிப்புச் சொல்கிறவர் மறுநாள் வருவதாக ஏற்பாடு.

"அடிப்பக்கத்தை நன்றாக மினுக்கி வை. அவர் முதலில் அதைத்தான் பார்ப்பார்" என்று சொல்லிவிட்டுச் சின்யோரா பூசைக்குப் போனார்.

கேத்திலைக் கவிழ்த்தேன். அடியில் சின்னச் சின்னதாக ஏதோ குத்தியிருந்தது. கிரீடம் வைத்த ஒரு சிங்கம். (எங்கள் நாட்டுக் கொடியிலும் ஒரு சிங்கம். இதுக்குப் பயந்துதானே நாட்டை விட்டு ஓடி வந்தனான்!) பக்கத்தில் மூன்று சிலுவைகள், ஓர் எழுத்து, இன்னுமொரு குறி. எனக்கு உடனே விளங்கிவிட்டது. இது எவனோ பழைய சொந்தக்காரனின் பெயர்!

எங்கள் மன்னாரில் பெயர் வெட்டாத பாத்திரம் கிடையாது. பாத்திரம் கைமாறினால் பழைய பெயரை அராவி எடுத்த பிறகுதான் அடுப்பில் ஏற்றுவார்கள். இல்லையென்றால் 'களவெடுத்த சாமான்' என்று ஊரே கதைக்கும். பாவம் சின்யோரா, மற்றவன் பெயரோடு விற்கப் போய் மானம் கெடப்போகிறாரே என்று என் நெஞ்சு பதறியது. கப்டனின் ஆயுதப் பெட்டியில் சுத்தியல், குறடுகளோடு அரமும் இருந்தது. ஒன்றரை மணித்தியாலம் அராவினேன். அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வந்தது. முகம் பார்த்துச் சீப்பால் தலைகூட இழுத்தேன்.

மறுநாள் அந்த மனிதர் கண்ணில் பூதக்கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு கேத்திலைத் திருப்பினார். திருப்பியபடியே இருந்தார்.

"சின்யோரா, முத்திரைகள் எங்கே?"

நான் முன்னால் வந்து, மார்பை நிமிர்த்தி, எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில் சொன்னேன்: "எல்லாவற்றையும் நான் எடுத்துவிட்டேன்!"

அவர் என்னைத் திட்டவில்லை. ஆறுதலாக விளங்கப்படுத்தினார். சிங்கம், வெள்ளி தரமானது என்பதற்கு. மூன்று சிலுவைகள் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக்கு. எழுத்து, செய்த வருடத்துக்கு. மற்றக் குறி, செய்தவனுக்கு. "இருநூறு வருடத்துக்கு மேற்பட்டது என்று நான் நம்புகிறேன். வாங்குகிறவன் நம்பமாட்டான். முத்திரையை அராவினால் கள்ளச் சாமான் என்றுதான் நினைப்பான். இனி எடைக்கு வெள்ளி, அவ்வளவுதான்."

சின்யோரா கேத்திலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அல்பெர்கேரியாப் பகுதியில் இருந்த எங்கள் அறைக்கு வந்து, மனைவி ஜெசிந்தாவிடம் சொன்னேன்.

"அராவ முதல் அந்த மனுசியை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமெல்லோ?"

"வரேக்கை பாத்துச் சந்தோசப்படட்டும் எண்டு நினைச்சன்."

"ஓம், நல்லாய்ச் சந்தோசப்படுத்திப்போட்டியள்!" என்றவள், பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அழவும் முகமில்லை.

அடுத்த கிழமை மகன் போன் எடுத்தபோது நான் குசினியில் நின்றேன். சின்யோரா சொன்னது தெளிவாகக் கேட்டது. "முத்திரையா? இத்தனை வருடமாக நான் தேய்த்துத் தேய்த்து அழிந்துவிட்டது." என் பெயர் அவர் வாயில் வரவில்லை.

இரண்டு மாதத்தில் வீடு காலியானது. நான்தான் பெட்டிகளைக் கட்டினேன், நான்தான் ரயிலில் ஏற்றிவிட்டேன். யன்னலால் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேளைக்குச் சாப்பிடு" என்றார். அடுத்த குளிர் காலத்தில் தொரினோவில் இறந்துபோனார் என்று அவருடைய மகன் அறிவித்தான்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் புதுச் சட்டி ஒன்று வந்தால் என் மகள், "அம்மா, அரத்தை ஒளிச்சு வையுங்கோ, அப்பா வாறார்!" என்று கத்துவாள். விருந்துகளில் என் மகன் எழும்பி நின்று என்னைப் போலவே மார்பை நிமிர்த்தி நடித்துக் காட்டுவான். அவர்கள் சொல்லும் கதையில், கடைசியில் சின்யோரா விழுந்து விழுந்து சிரிப்பார். சனமும் சேர்ந்து சிரிக்கும். சின்னதுகளாக இருந்தபோது அந்த முடிவைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

சின்யோரா சிரிக்கவில்லை.