மூன்றாவது கம்ப்யூட்டரில் மணி பத்தேகால்

மதுரை
வெள்ளிக்கிழமை, 1987

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு, மைத்துனன் கருத்தக்கண்ணன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. என் ஒருவனைத் தவிர அனைவரும் சுகம். அக்காவுக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டாம்.

எங்கள் நூல் கம்பெனியில் மூன்று கம்ப்யூட்டர்கள், மூன்றும் வேறு வேறு கம்பெனிக்காரன் செய்தவை. உன் பெயர் என்ன, மெமரி எவ்வளவு, இப்போது மணி என்ன என்று ஒன்றிடம் கேட்கும் விதத்தில் இன்னொன்றிடம் கேட்டால் வாயே திறக்காது. மூன்றிலும் ஓடி ஒரே மாதிரி பதில் வாங்கும்படி சி மொழியில் ஒரே புரோகிராம் எழுதச் சொன்னார் முதலாளி வெள்ளைத்துரை. நூல் ஆர்டர் தர வரும் கோயம்புத்தூர் வியாபாரி முன்னால் அது ஒழுங்காக ஓடினால் என் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால்தான் பெண் தருவோம் என்று மேலூர்க்காரர்கள் தங்களிடமே சொல்லியிருக்கிறார்கள்.

இன்று பதினோரு மணிக்கு வியாபாரி வந்தார். முதல் மிஷின் பெயர் சொன்னது, மெமரி சொன்னது, மணி பதினொன்று ஐந்து என்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் பெயர் சரி, மெமரி சரி, மணி மட்டும் பத்தேகால் என்று வந்து நின்றது. முதலாளி முகம் கறுத்துவிட்டது. "ஏப்பா, இதுல எது நெசம்?" என்றார். நான் அந்த மிஷினை ஓட்டும் தவசி அண்ணனைப் பார்த்தேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"ஆன் பண்ணுனதும் மணி என்னன்னு அதுதான தம்பி கேக்குது? நான் ஆன் பண்ணுனது பத்து அம்பதுக்கு. வெள்ளிக்கிழம பத்தரையில இருந்து பன்னெண்டு ராகு காலம். அந்த நேரத்தப் போட்டு மிஷினத் தொடங்கச் சொல்றியா? நல்ல நேரமாப் பாத்து பத்து மணின்னு அடிச்சேன்."

"இம்புட்டு நாளும் இப்படித்தானாண்ணே?"

"ராகு காலத்துல ஆன் பண்ணுனா எப்பவும் இப்படித்தான்."

மிஷின் சொன்னதைத்தானே என் புரோகிராம் சொல்லும்? அதை நான் விளக்குவதற்குள், "நீ வீட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டார் முதலாளி. வந்துவிட்டேன். மனசு பதைக்கிறது மச்சான். திங்கட்கிழமை ரயிலேறி மெட்ராஸ் வருகிறேன். அங்கே ஏதாவது கம்பெனியில் சொல்லி வையுங்கள். மேலூருக்கும் தாங்களே பக்குவமாக ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அழகர் புண்ணியத்தில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

தங்கள் அன்பு மைத்துனன்,
கருத்தக்கண்ணன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் தவசி அண்ணன் சைக்கிளில் வந்துவிட்டார். நான் கிளம்பியபின், ராகு காலத்தில் ஆர்டரில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுந்த வியாபாரி, மூன்றாவது மிஷினைப் பார்த்ததும், "இங்க இன்னும் பத்தரை ஆகலீங்களே" என்று அதன் முன்னாலேயே உட்கார்ந்து போட்டுவிட்டாராம். என் வேலை நிரந்தரம். நான் ரயில் ஏறவில்லை, மேலூருக்கும் எழுத வேண்டாம். ஆனால் இனிமேல் ராகு காலத்தில் மற்ற இரண்டு மிஷின்களும் இதேபோல் பொய் சொல்ல வேண்டுமாம். எந்தக் கம்பெனி மிஷினில் போட்டாலும் ஒரே பொய்யாக வரும்படி, திங்கட்கிழமைக்குள் புரோகிராமைத் திருத்தச் சொல்லியிருக்கிறார் முதலாளி.